ஆயிரத்து நூற்று இருபத்தேழாம் பைட்

ட்வோரோய்ரிக்கு இன்று கப்பல் வராது.
காற்று அப்படி.
துறைமுக அலுவலகத்தில் நானும் ஹீட்டரும் மட்டும்.

நீரோட்டம் எப்போது திசை திரும்பும் என்று
மீன்படகுகளுக்குச் சொல்லும் சின்ன நிரல்;
இருபது வருடமாக முனகாமல்
கட்டுக்குள் வந்த பேக்கேஜ்.
புதிய லினக்ஸுக்கு ஏற்றப்போனேன்,
பாதியில் நின்றுவிட்டது.
திரையில் ஒரே வரி:
ஆயிரத்து நூற்று இருபத்தேழாம் இடத்தில்
படிக்க முடியாத பைட்.

முதலில் என்னையே சந்தேகித்தேன்.
தேவைப்படும் நூலகங்களின் பட்டியலில்
மின்னஞ்சலிலிருந்து வெட்டி ஒட்டிய ஓர் இடைவெளி;
பார்த்தால் இடைவெளி, கணினிக்கு அது இடைவெளியே இல்லை.
பிய்த்து எறிந்தேன்.
பிறகு கம்பைலரைத் திட்டினேன். பிறகு காப்பி.
மறுபடி கட்டினேன்.
அதே இடம், அதே எண்.
தான் பிடித்த முயலுக்கு
மூன்றே கால் என்று நின்றது.

பேன் பார்ப்பதுபோல் வகிடெடுத்து
பைட் பைட்டாக விலக்கிப் பார்த்தேன்.
குற்றம் நிரலில் இல்லை.
மாற்றக் குறிப்பேட்டின் அடியில்,
2003 நவம்பரில்,
ஒரு மனிதரின் பெயருக்குள் இருந்தது.

ஹேயின்.
எழுதும்போது நடுவே ஒரு ð வரும்,
உச்சியில் குறுக்கே கோடு வாங்கிய எழுத்து.
எழுதுவோம், ஒலிக்க மாட்டோம்.
எங்கள் தீவின் பெயரிலும் இருக்கிறது,
வாயில்லாப் பூச்சி.

பழைய குறியீட்டில் அது ஒற்றை பைட்: F0.
புதியதிலோ F0 ஒரு கட்டியக்காரன்.
‘பின்னால் இன்னும் மூன்று பேர், வழி விடுங்கள்!’
கணினி கதவைத் திறந்து காத்திருந்திருக்கிறது.
வந்தது ஒரு i.
அதன் பின்னால் n.
அதற்கும் பின்னால் வெறும் இடைவெளி.
பரிவாரத்தில் ஒருவருமில்லை.
சாத்திவிட்டது.

அந்த எழுத்தை வெட்டலாம்.
ஒரு கேள்விக்குறியை நடலாம்.
d என்று போட்டால் வேறு யாரோ ஆகிவிடுவார்.
அவரையே கேட்டுவிடலாம் என்று எண்ணைத் தேடினேன்.

ஹேயின் இப்போது டென்மார்க்கில், ஆர்ஹுஸில்,
கதவுகள் விற்கிறார்.
“எடுத்துவிடு ரான்வா.
இங்கே எல்லாரும் ஹெடின் என்றுதான் கூப்பிடுகிறார்கள்.”
பேச்சு நின்றது. பின்னால் எங்கோ துளைபோடும் இயந்திரம்.
“அந்த வரியில் என்ன எழுதியிருக்கிறேன்?”

வாசித்தேன்:
வாகுர் பக்கத்து நேரம் சரிசெய்யப்பட்டது.

“சரிசெய்யவில்லை,” என்றார்.
“எச்சரிக்கை வராதபடி அதன் வாயை அடைத்தேன், அவ்வளவுதான்.
பன்னிரண்டு நிமிடம் பிந்திச் சொல்லும்.
அன்று மாலை எனக்குக் கப்பல்.”

எண்ணெய் போடும் துறையில்
ஸ்னேப்யோர்ன் எப்போதும் முன்னதாகவே
கயிறு அவிழ்ப்பார்.
அவசரக்காரர் என்று
ஒன்பது வருடம் நினைத்திருந்தேன்.

F0-ஐ எடுத்துவிட்டு
C3, B0 என்று இரண்டை வைத்தேன்.
கோப்பு ஒரு பைட் கனத்தது.
ð தன் இடத்தில் உட்கார்ந்துகொண்டது, சத்தமில்லாமல்.
அவர் எழுதிய பொய்யைத் தொடவில்லை;
குறிப்பேட்டில் பழையதை அழிக்கும் வழக்கமில்லை.
மேலே புதிதாக ஒரு வரி:
வாகுர், பன்னிரண்டு நிமிடம், இம்முறை மெய்யாகவே.
கீழே என் பெயர்.
அதிலுள்ள á-வை
இரண்டு முறை சோதித்தேன்.

கட்டு ஓடிக்கொண்டிருக்கிறது.
இடம் ஆயிரத்து நூற்று இருபத்தேழைத் தாண்டிவிட்டது.

காற்று தணிந்ததும் இறங்கிப் போய்
ஸ்னேப்யோர்னிடம் சொல்ல வேண்டும்,
நாளையிலிருந்து பன்னிரண்டைக் கழிக்காதீர்கள் என்று.
நம்புவாரா, தெரியவில்லை.